எண்ணும் முறையை மாற்றிய சத்தியேந்திரநாத் போஸ்

போஸ் என்றதும் நம் மாணவ நண்பர்களின் நினைவுக்கு முதலில் வருபவர் நேதாஜி. விஞ்ஞானம் பயில்வோருக்கு ஜகதீச சந்திர போஸ். புள்ளியியல் வகுப்பிலோ ஆர். சி. போஸ் என்று இன்னொருவர் உண்டு. நான் எழுத எடுத்துக்கொண்டவர் இம்மூவரில் எவரும் அல்லர். அவர் சத்தியேந்திரநாத் போஸ். பௌதிக மாணவர்கள் அவரைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடுவர். ஆயினும் அவரை உலகறியச் செய்த கட்டுரையின் உயிர்நாடி, நம் முதலாண்டுப் புள்ளியியல் பாடத்தில் வரும் ஒரு நிகழ்வெண் அட்டவணையே. ஆகவே நமக்கும் அவர்மீது பாத்தியதை உண்டு.

1894ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை சுரேந்திரநாத் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். ஏழு குழந்தைகளில் இவரே மூத்தவர். மற்ற அறுவரும் தங்கையர். ஹிந்து பள்ளியிலும் பிரசிடென்சி கல்லூரியிலும் படித்தார். 1915இல் எம்.எஸ்ஸி. தேர்வில் இவர் முதலாவதாகத் தேற, இரண்டாவதாக வந்தவர் மேகநாத சாஹா. ஒரே வகுப்பில் இப்படி இருவர்! பட்டம் பெற்ற கையோடு இருவரும் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராகி, ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். 1920இல் அது நூலாக வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் மகலனோபிஸ். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அதே மகலனோபிஸ்தான். அக்கழகத்தின் கிளை ஒன்று நம் பெங்களூரில் மைசூர் சாலையில் இருக்கிறது.

1921இல் புதிதாகத் தோன்றிய டாக்காப் பல்கலைக் கழகத்துக்குப் போஸ் ரீடராகச் சென்றார். பிளாங்க் கண்ட கதிர்வீச்சு விதியை மாணவர்களுக்கு விளக்க வேண்டிய பொறுப்பு வந்தது. விதி சரியானது, சோதனைகளோடு பொருந்துகிறது. ஆனால் அதை நிறுவும் வழி அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. பாதி பழைய பௌதிகம், பாதி புதியது என்று ஒட்டுப் போட்ட வழி அது. தமக்கே தெளிவாகாத ஒன்றை மாணவருக்கு எப்படிச் சொல்வது?

இங்கே சற்று நின்று கணக்கைப் பார்ப்போம். மல்லேசுவரத்தை அடுத்து நான் குடியிருக்கும் ஸ்ரீராம்புரத்தில், மாலை வேளைகளில் கல்லூரி முதலாண்டு மாணவர் சிலர் புள்ளியியல் சந்தேகம் கேட்க வருவதுண்டு. தமிழ் வழியிலோ கன்னட வழியிலோ பள்ளி முடித்த பிள்ளைகள். சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை காண்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் எதை எண்ணுகிறோம் என்று கேட்டால் வாய் அடைத்துப்போகிறது. அந்தக் கேள்வி அவர்கள் படிக்கும் ஆங்கிலப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கிலம் அதை மறைத்துவிடுகிறது. அவர்களுக்கு நான் கோலிக்குண்டுகளை வைத்துச் சொல்வது இது.

இரண்டு குண்டுகள், இரண்டு டப்பாக்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு குண்டையும் ஏதாவதொரு டப்பாவில் போடுகிறோம். இடது டப்பாவில் எத்தனை விழும்? பூஜ்யம், ஒன்று, இரண்டு என்ற மூன்று விடைகளே உண்டு. ஒன்றரைக் குண்டு விழாது. இவ்வாறு தனித்தனி மதிப்புகளை மட்டுமே ஏற்கும் மாறிக்கு, ஒவ்வொரு மதிப்பின் நிகழ்தகவையும் எழுதிவைக்கும் பட்டியலே தனிநிலை நிகழ்தகவுப் பரவல். முதல் குண்டுக்கு இரண்டு வழி, அடுத்ததற்கு இரண்டு வழி, ஆக நான்கு வழிகள். பூஜ்யத்துக்கு 1/4, ஒன்றுக்கு 1/2, இரண்டுக்கு 1/4. கூட்டினால் 1. சராசரி 1. பரவற்படி 1/2. இதுவே ஈருறுப்புப் பரவல்.

உடனே ஒரு பையன் கேட்பான்: இரண்டு குண்டும் ஒரே நிறமானால் மூன்று நிலைகள்தானே, ஆளுக்கு 1/3 கொடுத்தால் என்ன? கொடுக்கக் கூடாது. நிறம் ஒன்றானாலும் குண்டுகள் இரண்டுதான். நம் கண்ணுக்கு வேறுபாடு தெரியாததால் டப்பாவில் விழுவது மாறிவிடாது. நூறு முறை போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஐம்பது முறை ஆளுக்கொன்றாகவே விழும்.

ஆனால் ஒளித் துகள்கள் கோலிக்குண்டுகள் அல்லவே! அவற்றுக்கு 1/3, 1/3, 1/3 தான் பொருந்துகிறது. இந்தப் பரவலும் கூட்டினால் 1 வருகிறது. சராசரியும் அதே 1. பரவற்படி மட்டும் 2/3. அதாவது ஒளித் துகள்கள் ஒன்றையொன்று நாடிக் கூடி நிற்கும் இயல்புள்ளவைபோல நடந்துகொள்கின்றன. கூட்டுத்தொகை 1 என்பதும் சராசரி ஒன்றாயிருப்பதும் ஒரு பரவலை மெய்யாக்கிவிடா. எவை சம வாய்ப்புள்ளவை என்று இயற்கையைத்தான் கேட்க வேண்டும்.

இவ்வுதாரணம் பிற்காலப் பாடப்புத்தகங்களின் எளிமைப்படுத்தல். போஸ் செய்தது இதனினும் நேர்த்தியானது. எந்தத் துகள் எந்த அறையில் என்று அவர் எண்ணவே இல்லை. எத்தனை அறைகள் காலி, எத்தனை அறைகளில் ஒரு துகள், எத்தனை அறைகளில் இரண்டு என்று பட்டியலிட்டு, அப்பட்டியல் எத்தனை விதமாக அமையலாம் என்று மட்டும் எண்ணினார். மிகுந்த வழிகளில் அமையும் பட்டியலைத் தேடினால், காலி அறை, ஒரு துகள் அறை, இரு துகள் அறை என்று எண்ணிக்கை ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டே போகிறது. புள்ளியியல் மாணவர் இதைப் பெருக்குப் பரவல் என்று கண்டுகொள்வர். ஆயிரம் அறைகளில் ஆயிரம் துகள்கள் என்று கொள்வோம். போஸின் கணக்கில் சுமார் 500 அறைகள் காலி, 250 அறைகளில் ஒன்று, 125 அறைகளில் இரண்டு. கோலிக்குண்டுகளாயின் பாய்சான் பரவல். காலி அறைகள் 368 தான். நான்கோ அதற்கு மேலோ உள்ள அறைகள் குண்டுகளுக்குச் சுமார் 19. போஸின் துகள்களுக்கோ 62க்கு மேல். இவ்வழியே சென்றால் பிளாங்கின் விதி ஒட்டுப்போடாமல் தானே வந்து நிற்கிறது.

கட்டுரையை இங்கிலாந்தின் பிலசாபிக்கல் மேகசினுக்கு அனுப்பினார். அங்கே அது அச்சேறவில்லை. முப்பது வயது ரீடர். டாக்டர் பட்டம் கிடையாது. உலகின் பெரிய ஆராய்ச்சிக் கூடங்களிலிருந்து வெகு தூரத்தில் ஓர் ஊர். வேறொருவராயின் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார். போஸ் 1924 ஜூன் 4ஆம் நாள் அதை நேரே ஐன்ஸ்டைனுக்கு அனுப்பி, தகுதியுடையதாகத் தோன்றினால் ஜெர்மன் ஏட்டில் வெளியிட ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொண்டார். மொழிபெயர்க்கும் அளவுக்குத் தமக்கு ஜெர்மன் தெரியாது என்பதையும் மறைக்கவில்லை. ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் பெயர்த்து, இது ஒரு முக்கியமான முன்னேற்றம் என்ற குறிப்போடு வெளியிட்டார். அச்சில் நான்கே பக்கங்கள்.

அதன்பின் ஈராண்டு விடுமுறை. பாரிசில் மோரிஸ் டி பிராய் ஆய்வுக்கூடத்தில் பணி, பிறகு பெர்லினில் ஐன்ஸ்டைனோடு சந்திப்பு. 1926இல் டாக்கா திரும்பி, ஐன்ஸ்டைனின் பரிந்துரையோடு பேராசிரியரானார். அதற்குப் பின் அவர் எழுதிய கட்டுரைகள் குறைவு. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரசாயனம், எக்ஸ்-கதிர், எஸ்ராஜ் என்னும் இசைக்கருவி, இலக்கியம் என்று மனம் போன திசையெல்லாம் சென்றவர் அவர். 1936இல் மகலனோபிஸின் டி-ஸ்கொயர் அளவையைப் பற்றிச் சங்க்யா இதழில் எழுதியது புள்ளியியலுக்கே நேரடியாகச் செய்த தொண்டு. 1937இல் தாகூர் தம் விஞ்ஞான நூலான விஸ்வ பரிசயத்தை இவருக்கே சமர்ப்பணம் செய்தார்.

1945இல் கல்கத்தா திரும்பிய போஸ், 1948இல் வங்கீய விஞ்ஞான பரிஷத் என்ற சங்கத்தை நிறுவி, ஞான ஓ விஞ்ஞான் என்ற வங்காளி மாத இதழைத் தொடங்கினார். வங்காளியில் விஞ்ஞானம் சொல்ல முடியாது என்றவர்களை அவர் ஏற்கவில்லை. அப்படிச் சொல்வோர் ஒன்று வங்காளியோ அல்லது விஞ்ஞானமோ அறியாதவர் என்பது அவர் துணிபு. கலைச்சொற்கள் அனைத்தும் தயாராகும்வரை காத்திருக்கவும் இல்லை. சொல் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் வழக்கிலுள்ள அயற்சொல்லையே வைத்துக்கொண்டு பாடம் நடக்கட்டும் என்றார். 1962இல் ஜப்பான் சென்றபோது, அங்குள்ள விஞ்ஞானிகள் தங்கள் மொழியிலேயே விவாதிப்பதைக் கண்டு இந்நம்பிக்கை மேலும் உறுதிப்பட்டது. ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகளுக்குப் பரவற்படி என்ற சொல் வராதபோது வேரியன்ஸ் என்றே நான் சொல்லிவிடுவதற்குத் துணிவு தந்தது அவர் வழிதான்.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கணக்கைப் பின்பற்றும் துகள்களுக்கு டிராக் என்ற அறிஞர் போஸான் என்று பெயரிட்டார். 1954இல் பத்ம விபூஷண், 1958இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, பின்னர் தேசியப் பேராசிரியர் என்ற சிறப்பு. 1974 பிப்ரவரி 4ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அவர் எண்ணும் முறையிலிருந்து ஐன்ஸ்டைன் முன்கூட்டி உரைத்த நிலை, அணுக்கள் ஏராளமாக ஒரே அறையில் வந்து குவியும் நிலை, 1995இல் அமெரிக்காவில் கொலராடோவில் ருபிடியம் அணுக்களைக் கொண்டு நிகழ்த்திக் காட்டப்பட்டது. அதற்கான நோபல் பரிசு 2001இல் மூவருக்கு வழங்கப்பட்டது.