சைக்ளோன் என்று பெயர் வைத்தவர்: கடலைப் பார்த்தே புயலைப் படித்த ஹென்றி பிடிங்டன்

கோபாலபுரத்தில் வெயில் அடிக்கிறது. காற்றும் இல்லை, மேகமும் இல்லை. ராதாகிருஷ்ணன் சாலையில் நேராகப் போய் மெரினாவில் இறங்கினால், கடல் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. அலைகள் வழக்கத்தைவிட உயரமாக, நன்றாக இடைவெளி விட்டு, கனமாக வந்து விழுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக்காரர்கள் பலரும் பார்த்திருக்கும் காட்சி இது. எங்கோ நடுக்கடலில் ஒரு புயல் சுழன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கோவளத்தில் சர்ஃபிங் போகிறவர்கள் இதையெல்லாம் ஆப்பில் முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள். அலை எவ்வளவு உயரம், எந்தத் திசையிலிருந்து வருகிறது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என எல்லாமே திரையில் வந்துவிடும். சாட்டிலைட்டும் கம்ப்யூட்டரும் இல்லாத காலத்தில் வங்கக் கடல் புயல்களைப் படிக்க முயன்ற ஒருவரின் கதைதான் இது.

யார் இந்த பிடிங்டன்?

ஹென்றி பிடிங்டன் 1797-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். வணிகக் கப்பல்களில் வேலை பார்த்து கேப்டன் ஆனார். பிறகு கடல் வாழ்க்கையை விட்டுவிட்டு கல்கத்தாவில் தங்கிவிட்டார். அங்கே கனிமங்களுக்கான அருங்காட்சியகம் ஒன்றைக் கவனித்துக்கொண்டார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் நீதிமன்றத்தின் தலைவராகவும் இருந்தார்.

புயலில் சிக்கிய கப்பல்களின் கதைகள் அவர் மேஜைக்கு வந்துகொண்டே இருந்தன. 1838-ல் வில்லியம் ரீட் என்ற ராணுவப் பொறியாளர், கரீபியன் புயல்களை ஆராய்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். புயல் என்பது நேராக வீசும் காற்று அல்ல, ஒரு மையத்தைச் சுற்றும் காற்று என்பது அதன் சாரம். அதைப் படித்த பிடிங்டனுக்கு ஒரு கேள்வி வந்தது. நம்ம வங்கக் கடலிலும் இப்படித்தானா?

கப்பல் டைரிகளே டேட்டா

அவரிடம் கருவிகள் பெரிதாக இல்லை. கப்பல்களின் லாக் புத்தகங்கள்தான் இருந்தன. எந்த மணிக்குக் கப்பல் எங்கே இருந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, பாரோமீட்டர் எவ்வளவு இறங்கியது, அலை எப்படி இருந்தது என்று மாலுமிகள் அதில் எழுதி வைப்பார்கள். ஒரே புயலில் மாட்டிய பல கப்பல்களின் குறிப்புகளைச் சேகரித்து, வரைபடத்தில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். 1839 முதல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் எழுதினார்.

அவருக்குக் கிடைத்த பெரிய ஆதாரம், சார்லஸ் ஹெடில் என்ற சிறிய கப்பல். 1845 பிப்ரவரியில் மொரீஷியஸ் பக்கம் புயலில் மாட்டிய அந்தக் கப்பல், காற்று தள்ளிய திசையிலேயே சுமார் 5 நாள் ஓடியது. அதன் லாக் குறிப்பைப் பிடிங்டன் வரைந்து பார்த்தார். கப்பல் சுற்றிச் சுற்றி வந்திருந்தது!

1848-ல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய கையேடு வெளியானது. சுழலும் இந்தக் காற்றுக்கு அதில் சைக்ளோன் என்று பெயர் வைத்தார். பாம்பின் சுருளை நினைவுபடுத்தும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. இன்று உலகமே அதைப் பயன்படுத்துகிறது.

அந்தக் காலத்து ஆப்

புத்தகத்தோடு, மாட்டுக் கொம்பைச் சீவிச் செய்த மெல்லிய அட்டையும் கிடைத்தது. கண்ணாடி போல ஊடே பார்க்கலாம். அதில் காற்றுச் சுழற்சி வட்டமாக வரையப்பட்டிருக்கும். கடல் வரைபடத்தின் மேல் வைத்து, இப்போது வீசும் காற்றோடு பொருத்தினால் புயலின் மையம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வங்கக் கடலில் காற்றை எதிர்த்து நின்றால், மையம் வலது பக்கம் இருக்கும். அவ்வளவுதான் கணக்கு.

காற்று முழு வட்டமாகச் சுற்றாமல் உள்நோக்கி வளைந்து போகிறது என்பது பின்னாளில் உறுதியானது. அதனால் மையம் சற்றுப் பின்தள்ளி இருக்கும். பிடிங்டனின் கணக்கில் இந்தப் பிழை இருந்தாலும், எந்தப் பக்கம் ஓடித் தப்பிக்கலாம் என்று கேப்டன்களுக்குக் காட்ட அது உதவியது.

மதராஸுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகில் அலைகளைத் தாண்டி வர வேண்டும். 1746 செப்டம்பரில் மதராஸைப் பிடித்த பிரெஞ்சுக் கப்பற்படை, சில வாரங்களிலேயே இங்கே புயலில் சிக்கிச் சிதைந்தது. புயல் வருவது முன்பே தெரிந்தால் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஆழ்கடலுக்குப் போய்விடலாம்.

அலை ஏன் முந்தி வருகிறது?

புயல் மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரலாம். ஆனால் அது கிளப்பிவிடும் நீண்ட அலைகள் இன்னும் வேகமாகப் போகும். இரண்டு அலைகளுக்கு நடுவே 14 விநாடி இடைவெளி இருந்தால், அந்த அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் ஓடும். ஒரு நாளில் 900 கிலோமீட்டருக்கும் மேல். அதனால்தான் மேகம் வருவதற்கு முன்பே அலை வந்துவிடுகிறது. இடைவெளி அதிகமான அலைகள்தான் முதலில் வரும்.

இதை, கரையைக் கடக்கும்போது புயல் கூடவே ஊருக்குள் கொண்டுவரும் நீர்மட்ட உயர்வோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பிடிங்டனை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த இரண்டாவது விஷயம். 1789-ல் கோதாவரி முகத்துவாரத்தில் உள்ள கோரிங்காவை மூன்று பேரலைகள் அடித்துச் சென்ற கதையையும் அவர் பதிவு செய்தார்.

யாரும் கேட்காத கடிதம்

கல்கத்தா துறைமுகத்துக்கு மாற்றாக, சுந்தரவனத்தின் மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட அரசு யோசித்தது. 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குப் பிடிங்டன் நீண்ட கடிதம் எழுதினார். ஒரு நாள் புயல் வரும், கடல் உள்ளே ஏறும், அந்த இடம் தாங்காது என்பதே அதன் சுருக்கம். கடிதம் கண்டுகொள்ளப்படவில்லை. 1858-ல் பிடிங்டன் கல்கத்தாவில் இறந்தார். துறைமுகமும் ஊரும் எழுந்தன, ரயிலும் வந்தது. 1867 நவம்பரில் ஒரு புயல் அடித்தது. கடல் உள்ளே ஏறியது. போர்ட் கேனிங் துறைமுகம் அதன் பிறகு மீளவே இல்லை, சில வருஷங்களில் கைவிடப்பட்டது.

அதற்கு முன்பே, 1864-ல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 60,000 பேர் இறந்திருந்தார்கள். அதன் பிறகுதான் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியது.

இன்று ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் கள்ளக்கடலையும் முன்கூட்டியே சொல்கிறது. ஆனாலும் 2024 மே மாதம், கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கணிப்பு எவ்வளவோ முன்னேறிவிட்டது. சொன்னதைக் கேட்பதில்தான் இன்னும் 1853-லேயே நிற்கிறோம்.

அடுத்த முறை வானம் தெளிவாக இருந்து, மெரினாவில் அலை மட்டும் கனமாக விழுந்தால், செல்ஃபி எடுப்பதற்கு முன் எச்சரிக்கை ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் கால் நனைப்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.