அப்பாஸ் கண்ட இரண்டு தணிக்கை

ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளிக் கூடை இறக்கும் தோழருக்குத் தமிழும் வரும், தெலுங்கும் வரும், கன்னடமும் வரும். உருது காதில் விழுந்தால் பொருள் புரியும். மொழி தெரியாதவரிடம் நேசம் பிறக்குமா என்று அவரைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். அந்த நேசத்தையே படமாக்கியவர் குவாஜா அகமது அப்பாஸ்.

1914 ஜூன் 7ஆம் நாள் பானிப்பட்டில், உருதுக் கவிஞர் ஹாலியின் குடும்பத்தில் பிறந்தார். அலிகாரில் சட்டம் படித்தார். ஆனால் கறுப்பு அங்கி மாட்டவில்லை. 1935இல் பம்பாய்க்கு வந்து பத்திரிகையாளரானார். வங்கப் பஞ்சத்தில் மடிந்த மக்களின் கதையை 1946இல் 'தர்த்தி கே லால்' என்று எடுத்தார். ராஜ் கபூருக்காக அவர் எழுதிய 'ஆவாரா' 1954இல் சோவியத் நாட்டுக்குப் போயிற்று. அங்கே அதைக் கண்டவர்கள் 6 கோடிக்கும் மேல்!

பிறகு 1957இல் 'பர்தேசி'. மாஸ்கோவின் மாஸ்பிலிமும் அப்பாசின் நிறுவனமும் கூட்டாக எடுத்த படம். வசீலி புரோனினும் அப்பாசும் இயக்கினார்கள். 15ஆம் நூற்றாண்டில், விற்பதற்கு ஒரு குதிரையை ஓட்டிக்கொண்டு கடல் கடந்து வந்து, இன்றைய கர்நாடகத்துப் பீதர் வரை நடந்த ருஷிய வணிகன் அபனாசி நிகிதினின் கதை. நிகிதின் எழுதிவைத்த குறிப்பு உண்மை. அவன் காதலித்த சம்பா கற்பனை. சம்பாவாக நர்கிஸ் நடித்தார். நம் பத்மினியும் அதில் ஆடினார்.

சோவியத் நாட்டில் ஸ்டூடியோவும் அரசினுடையது, அனுமதியும் அரசினுடையது. கதையை எழுத்திலேயே பார்த்துவிட்டுத்தான் காமிரா சுழலவிடுவார்கள். காதலும் நட்புறவும் அந்த வாசலில் தடையின்றி நுழைந்தன. வேறு பல நுழையவில்லை. இதை மறைத்து என்ன பயன், தோழர்களே? நண்பன் வீட்டுக் குறை குறையாகாமல் போய்விடுமா?

சோசலிச பாணிச் சமுதாயம் பேசிய டில்லி என்ன செய்தது? கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி ஆகிய 4 நகரங்களின் மாளிகையையும் சேரியையும் அருகருகே வைத்து அப்பாஸ் ஒரு சிறு படம் எடுத்தார். உடலை விற்றுப் பிழைக்கும் பெண்களின் தெரு அதில் வந்தது. வயது வந்தோர் மட்டும் பார்க்கலாம் என்றது தணிக்கை. எல்லோரும் பார்க்க வேண்டுமானால் வெட்டு என்றது. மரத்தைச் சுற்றும் டூயட்டுக்கு இல்லாத தடை, பசிக்கு!

அப்பாஸ் உச்ச நீதிமன்றம் ஏறினார். மாஸ்கோவில் அப்படி ஏற ஒரு படிக்கட்டு இருந்ததில்லை. இங்கே இருந்தது, அவர் அதில் ஏறினார். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கி வந்து வெட்டின்றி அனுமதி தந்தது. அவரோ விடவில்லை. முன் தணிக்கையே கூடாது, கால வரம்பு வேண்டும், மேல்முறையீடு அரசிடம் அல்ல, தனி மன்றத்திடம் போகவேண்டும் என்று வாதம் வைத்தார். 1970 செப்டம்பர் 24இல் தலைமை நீதிபதி இதயதுல்லா தீர்ப்பளித்தார். முன் தணிக்கை செல்லும்; ஆனால் கலையையும் ஆபாசத்தையும் பிரித்துப் பார்க்க விதி வேண்டும். பாதித் தோல்வி, பாதி வெற்றி.

மூன்றாண்டு கழித்து அப்பாஸ் பங்கேற்று எழுதிய 'பாபி' என்ற காதல் கதை நாடெங்கும் ஓடிற்று! 1987 ஜூன் 1இல் மறையும்வரை பத்திரிகையில் தம் கடைசிப் பக்கத்தை எழுதிவந்தார்.

அவர் வாதாடிக் கேட்ட மேல்முறையீட்டு மன்றம் 1983இல் அமைந்தது. 2021இல் ஒன்றிய அரசு அதைக் கலைத்துவிட்டது.