கணக்குப் போட்டுப் பார்த்த பிஷப்

1814-ம் ஆண்டு இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர் ஜான் வில்லியம் கொலென்சோ. தகப்பனார் பணம் போட்டிருந்த தகரச் சுரங்கத்தில் கடல் நீர் புகுந்தது. குடும்பம் நொடித்தது. பையன் பள்ளிக்கூடத்தில் உதவி உபாத்தியாயராக வேலை பார்த்துத்தான் கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1836-ல் கணிதத் தேர்வில் இரண்டாவதாக வந்தார். பிறகு ஹாரோ பள்ளியில் கணக்கு ஆசிரியர். அங்கே வீடு தீப்பிடித்துக் கடன் தலைக்கு மேல் ஏறியபோது, அவர் எழுதிய கணக்குப் புத்தகங்களே கடனை அடைத்தன.

1853-ல் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலுக்கு முதல் பிஷப் ஆனார். (1860 நவம்பரில் கரும்புத் தோட்ட வேலைக்கு நம் சென்னையிலிருந்து 'டுரூரோ' கப்பலில் போனவர்கள் இறங்கிய அதே நேட்டால்தான்.) போனதும் ஜூலு மொழி கற்றார். அகராதி எழுதினார். பைபிளை மொழிபெயர்க்க உட்கார்ந்தார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கூட இருந்து உதவிய ஜூலுக்காரர் வில்லியம் நிகிடி. நோவா காலத்து ஜலப்பிரளயம் வந்ததும், இதெல்லாம் உண்மையாகவே நடந்ததா என்று அவர் கேட்டார். பூமி சாஸ்திரம் படித்திருந்த பிஷப்பால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. யாத்திராகமம் 21-ம் அதிகாரம் வந்தபோது நிலைமை இன்னும் மோசம். எஜமான் அடித்த அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்து செத்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை, அடிமை அவன் பணம் அல்லவா என்கிறது சட்டம். கருணையே உருவான கடவுளா இப்படிச் சொல்லியிருப்பார் என்று ஜூலுக்காரர் பதறினார். கடவுள் குறையில்லாதவர், ஆகவே இது அவர் வாக்காக இருக்க முடியாது என்று பிஷப் முடிவுக்கு வந்தார்.

கணக்கு வாத்தியார் அல்லவா, பென்சிலை எடுத்தார். எகிப்தை விட்டுப் புறப்பட்ட ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் பேர். சபை முழுவதும் ஆசரிப்புக் கூடார வாசலில் கூடியதாக லேவியராகமம் கூறுகிறது. கூடாரத்தின் அகலம் சுமார் 18 அடி. வரிசைக்கு 9 பேராக நெருக்கி நிறுத்தினாலும் கூட்டம் 20 மைல் அளவுக்கு நீளும்! முதற்பேறான ஆண் பிள்ளைகளின் தொகையை வைத்து வகுத்தால் தாய் ஒருத்திக்கு நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் வருகிறது. 1862-ல் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டார்.

இங்கிலாந்தே அமளிப்பட்டது. பழைய பிரதிகளில் எண் தவறியிருக்கலாம் என்றார்கள். பக்தி நூலை முழக்கோலால் அளப்பதா என்றார்கள். கிறிஸ்துவை விட்டு நான் விலகவில்லை என்று அவர் சொன்னது எடுபடவில்லை. 1863-ல் கேப்டவுன் பிஷப் கிரே விசாரணை நடத்திப் பதவியைப் பறித்தார். அப்படிப் பறிக்க கிரேக்கு அதிகாரம் இல்லை என்று 1865-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே சபையிலிருந்து விலக்கினார்கள். நிறுத்தி வைத்த சம்பளத்தையும் வழக்காடித்தான் வாங்கினார். 1869-ல் எதிர்த்தரப்புக்கென்று வேறொரு பிஷப்பும் வந்து சேர்ந்தார். ஒரே ஊரில் இரண்டு பிஷப்!

அப்போதும் நேட்டால் வெள்ளையர் பலர் அவர் பக்கமே நின்றார்கள். அதையும் அவரே இழந்தார். 1874-ல் லங்கலிபலேலே என்ற தலைவரை அநியாயமாக விசாரித்துத் தீவுச் சிறைக்கு அனுப்பியபோது, இங்கிலாந்துக்கே போய் முறையிட்டார். கவர்னர் பதவி போயிற்று. நெடுநாள் நண்பர் ஷெப்ஸ்டனின் உறவும் முறிந்தது. 1879-ல் ஜூலு யுத்தத்தில் ஆங்கிலப் படை பெருந்தோல்வி கண்டு ஊரே பழிக்குப் பழி என்று கொதித்த வேளையில், யுத்தத்தைத் தொடங்கியதே நம் தவறு என்று கோயிலில் நின்று பிரசங்கம் செய்தார். புத்தகம் எழுதியதைவிட இதற்குத்தான் அதிக நெஞ்சுரம் வேண்டும்.

ஜூலு மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'சோபண்டு', ஜனங்களின் தகப்பன். 1883 ஜூனில் காலமானார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், எதிரிகள் அவரை நுழையவிடாமல் தடுக்கப் பார்த்த அதே தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஜூலு அரச குடும்பத்துக்காக வாதாடும் வேலையை மகள் ஹாரியட் ஏற்றுக்கொண்டார்.