ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்

வங்க நாட்டிலே, இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்த குல்னா மாவட்டத்தில், இராருளி என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் பிரபுல்ல சந்திரர் பிறந்தார். கல்கத்தாவில் பயின்று வருங்கால், கொடிய வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் பற்றியது. அதனால் பள்ளிப் படிப்புத் தடைப்பட்டது. ஆயினும் அவர் சோர்ந்தாரல்லர். தந்தையாரின் நூல் நிலையத்தையே பள்ளியாகக் கொண்டு பல நூல்களையும் கற்றுத் தேர்ந்தார்.

1882இல் கில்கிரிஸ்டு உதவித்தொகையைத் தேர்வெழுதிப் பெற்று, எடின்பரோ பல்கலைக்கழகம் சென்றார். அங்கு இரசாயனம் பயின்று, 1887இல் அறிவியல் டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். ஆயினும் கல்வித் துறையின் உயர் பதவிகள் அக்காலத்தில் இந்தியருக்கு எளிதில் கிட்டுவனவாக இல்லை. ஓராண்டு காத்திருந்த பின்னரே, மாநிலக் கல்லூரியில் 250 ரூபாய் ஊதியத்தில் துணைப் பேராசிரியர் ஆனார். மனம் கசந்து ஒதுங்காமல், ஆய்வுக்கூடத்தையே தம் உலகமாக்கிக் கொண்டார். பாதரசத்தோடு நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்தபொழுது மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றக் கண்டு, அவை பாதரச நைட்ரைட்டு என்னும் புதிய பொருள் என ஆராய்ந்து 1896இல் வெளியிட்டார்.

கற்ற கல்வி நாட்டுக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் உறுதி. ஆகவே 1892இல், 700 ரூபாயை முதலாகக் கொண்டு, தம் வீட்டிலேயே மருந்து செய்யத் தொடங்கினார். எலும்புகளைக் கூரைமேல் உலர்த்திப் பாஸ்பேட்டு உப்புகள் செய்தார். அண்டை வீட்டார் வெறுத்தும் அவர் முயற்சி தளரவில்லை. அதுவே 1901இல் வங்காள இரசாயன மருந்துத் தொழிற்சாலை என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது.

அக்காலத்தில் இந்திய இரசாயன அறிஞர்க்குத் தமக்கென ஒரு சங்கமோ இதழோ இல்லை. தாம் கண்ட உண்மைகளைக் கடல் கடந்து இலண்டன் முதலிய நகரங்களுக்கு அனுப்பி, அங்குள்ள இதழ்களில் வெளியிட வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க அவர்தம் மாணாக்கர் எண்ணினர். அவ்வெண்ணம் கனிந்து, 1924ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்திய இரசாயனச் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவராகப் பிரபுல்ல சந்திரரே அமர்ந்தார். சங்கம் அவ்வாண்டிலேயே தனக்கென ஓர் இதழையும் தொடங்கியது. இந்நாட்டார் ஆய்வு இந்நாட்டிலேயே அச்சேறவும், அறிஞர் பிறரது ஆய்வைச் சீர்தூக்கவும் வழி பிறந்தது.

பேரறிஞராயினும் அவர் வாழ்வு மிக எளியது. மணம் செய்து கொள்ளாது, அறிவியல் கல்லூரியின் ஓர் அறையிலே வாழ்ந்தார். கதராடையே உடுத்தினார். 1921இல் அறுபது வயது நிரம்பியபின், தம் ஊதியம் முழுவதையும் பல்கலைக்கழகத்தின் இரசாயன வளர்ச்சிக்கே வழங்கிவிட்டார். 1922இல் வட வங்கத்தை வெள்ளம் அழித்தபொழுது, ஆய்வுக்கூடத்தை விட்டு வந்து துயர் துடைக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார்.

1944ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் தலைமையில் தோன்றிய சங்கமோ, இன்றும் அவர் பெயர் தாங்கிய சாலையிலேயே நின்று நிலவுகிறது. தனி ஒருவர் பெற்ற அறிவு அவரோடு மறையும். பலர் கூடிப் பேணும் அறிவோ தலைமுறை தலைமுறையாக வாழும். இவ்வுண்மையை உணர்ந்து செயலாற்றிய அப்பெரியார் வாழ்வு மாணவர் அனைவர்க்கும் நல்வழி காட்டுவதாகும்.