ஸ்ரீ சிதம்பரம் பிள்ளையின் விடாமுயற்சி

காரியங்களைத் துவக்குவோர் பலர்; முடிப்போர் சிலர். இக்குறை எல்லாத் தேசங்களிலும் உண்டெனினும் நம்மிடையே அது சற்று மிகுதியாகவே காணப்படுகிறது. ஒரு சங்கம் ஸ்தாபிக்கப்படுகிறது. முதல் மகாசபைக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம் வருகிறது. மாலைகளுக்கும் பிரசங்கங்களுக்கும் குறைவில்லை. மூன்றாம் வருஷத்து மகாசபைக்கோ, தீர்மானம் செல்லுபடியாவதற்கு வேண்டிய அங்கத்தினர் கூடச் சேர்வதில்லை. இவ்வாறு பாதி வழியில் நின்றுபோன தொழில்களின் கணக்கை எடுத்தால், நம் ஜனங்களுக்கு ஊக்கம் இல்லையென்பது பொய்யாகும். ஊக்கம் நிலைப்பதில்லை என்பதே மெய்யாகும்.

இதற்கு மருந்தாக வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை மீண்டும் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். கல்வராயன் மலையில் பிறந்து வரும் கோமுகியையும் மணிமுக்தாவையும் நம்பிப் பயிர் செய்யும் கள்ளக்குறிச்சி ஜில்லாவில் கடல் இல்லை, துறைமுகம் இல்லை. தூத்துக்குடிக் கப்பலின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அது கப்பலின் கதை மட்டுமாயின் அக்கேள்வி நியாயமே. அது சிறு முதலைப் பலரிடம் திரட்டி ஒரு பெருந்தொழிலை நடத்த முற்பட்டவரின் கதை. ஆகையால் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு அது மிகவும் நெருங்கிய கதையாகும்.

பிள்ளையவர்கள் 1872-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் புதல்வராகப் பிறந்தார். தந்தையார் வக்கீல். மகனும் அதே தொழிலுக்குப் படித்துத் தேறி, முதலில் சொந்த ஊரிலும், பின்னர் தூத்துக்குடியிலும் வக்கீலாக இருந்தார். ஏழைகளின் வழக்குகளைக் கூலி கருதாமல் எடுத்து நடத்துபவர் என்ற பெயர் பெற்றார். அவர் விரும்பியிருந்தால் அத்தொழிலிலேயே பொருளும் புகழும் ஈட்டி, மாடி வீட்டில் அமர்ந்து, பேரப் பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு காலம் கழித்திருக்கலாம். அவருக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. இதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். வறுமை துரத்தியதால் அவர் வியாபாரத்தில் இறங்கவில்லை. நிறைந்த வருமானத்தை விட்டு இறங்கினார்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பற் போக்குவரத்து முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கைக்குள் இருந்தது. நம்மவர் விளைத்த சரக்கை நம்மவரே கொண்டு சென்று விற்பதானாலும், அக்கம்பெனி கேட்ட கூலியைக் கொடுத்தாக வேண்டும். 1905-ஆம் வருஷத்து வங்கப் பிரிவினைக்குப் பின் தேசமெங்கும் சுதேசியக் கிளர்ச்சி எழுந்தபோது, அந்நியத் துணியை எரிப்பதோடு பலர் திருப்தியடைந்தனர். பிள்ளையவர்களோ, அந்நியனுடைய லாபம் எங்கே பிறக்கிறது என்று ஆராய்ந்து, அது கடல்மேல் பிறக்கிறது எனக் கண்டார். 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி ரிஜிஸ்தர் செய்யப்பட்டது. மூலதனம் பத்து லக்ஷம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தைக் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் பெருமகனார் 8,000 பங்குகளுக்கு இரண்டு லக்ஷம் ரூபாய் கொடுத்தார். தனவந்தர் ஒருவர் அவ்வளவு கொடுத்தது பெரிதே. ஆயினும் 25 ரூபாய் என்று பங்கின் விலையை வைத்ததில்தான் பிள்ளையவர்களின் நோக்கம் விளங்குகிறது. சில்லறை வியாபாரியும் சிறு மிராசுதாரரும் தம் கப்பல் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமென்பதே அவருடைய எண்ணம்.

கம்பெனி உண்டாயிற்று, கப்பல் இல்லை. முதலில் வேறொரு கம்பெனியினிடம் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினர். ஆங்கிலக் கம்பெனி அக்கப்பற்காரரை மிரட்டவே, அவர் வாடகையை ரத்து செய்தார். வேறொருவராயின் இத்துடன் கடையைக் கட்டியிருப்பர். பிள்ளையவர்கள் உடனே இலங்கையிலிருந்து ஒரு கப்பலை அமர்த்திப் போக்குவரத்து அறுந்துபோகாமற் காத்தார். பிறருடைய கப்பலை நம்பி நடத்தும் தொழில் பிறருடைய தயவிலேயே நிற்கும் என்ற பாடத்தை அந்த ஒரு தடையினின்றே கற்றுக்கொண்டார். சொந்தக் கப்பல் வாங்காமல் ஊர் திரும்புவதில்லை என்று உறுதி பூண்டு பம்பாய்க்குப் புறப்பட்டார். அச்சமயம் வீட்டில் மைந்தன் நோயுற்றிருந்தான் என்றும், மனைவியார் கருவுற்றிருந்தார் என்றும் சொல்வர். 1907-ஆம் வருஷத்தில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. அன்று கடற்கரையில் எழுந்த ஆரவாரத்தைப் பெரியோர் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தனர்.

ஆரவாரத்தோடு சோதனையும் ஆரம்பமாயிற்று. ஆங்கிலக் கம்பெனி பிரயாணக் கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. இறுதியில் அவர்கள் பிரயாணிகளை இனாமாகவே ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சரித்திரம் கூறுகிறது. இதன் சூக்ஷ்மத்தை வியாபாரிகள் அறிவர். இனாமாக ஏற்றுபவன் தர்மம் செய்யவில்லை; எதிரியின் கைமுதல் கரையும்வரை தன் கைமுதலைக் கரைக்கத் துணிகிறான். அத்தகைய போட்டியில் வெற்றி, நல்ல கப்பல் வைத்திருப்பவனுக்கல்ல. அதிக நாள் நஷ்டம் தாங்கக்கூடியவனுக்கே.

இந்நிலையில் 1908-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர்; கூலி உயர்வும் வாராந்தர விடுமுறையும் கிடைத்தன. சர்க்காரின் பொறுமை அத்துடன் முடிந்தது. மார்ச்சு மாதம் 12-ஆம் தேதி பிள்ளையவர்கள் கைது செய்யப்பட்டார். ஜூலை மாதத்தில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுட்காலத் தீவாந்தர தண்டனைகளை விதித்தார். ராஜத்துரோகமாகப் பேசியதற்கு ஒன்று. சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு மற்றொன்று. சட்டம் படித்தோர் இன்றும் அத்தீர்ப்பைக் கண்டு வியப்பர். மனிதனுக்கு ஓர் ஆயுள்தான் உண்டு என்பதைக் கூட அத்தீர்ப்பு மறந்திருந்தது. ஹைகோர்ட்டு பின்னர் தண்டனையைக் குறைத்தது. கோயமுத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் காலம் கழிந்தது. மாடு இழுக்க வேண்டிய செக்கை அந்த வக்கீல் இழுத்தார். அச்செக்கு சென்னைக் கிண்டியிலுள்ள காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டிருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம்.

அவர் உள்ளே செக்கிழுத்துக்கொண்டிருக்க, வெளியே கம்பெனி என்னவாயிற்று? சர்க்காரின் கோபம் ஒருபுறம், எதிர்க் கம்பெனியின் போட்டி மறுபுறம். முன்னின்று நடத்த ஆளில்லை. வியாபாரிகள் தயங்கினர், உத்ஸாகம் குன்றிற்று. 1911-ஆம் வருஷத்தில் கம்பெனி கலைக்கப்பட்டது. சுதேசிக் கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. எந்தக் கொடியை எதிர்த்துக் கடலில் இறங்கிற்றோ அந்தக் கொடியின் கீழேயே அக்கப்பல் ஓடலாயிற்று. சிறையிலிருந்தவருக்கு இச்செய்தி செக்கினும் பாரமாயிருந்திருக்கும்.

பங்குதாரர்கள்மீது முழுப் பழியையும் சுமத்த நாம் விரும்பவில்லை. அன்றைய அடக்குமுறையில் அவர்கள் அஞ்சியது மனித இயல்பே. கம்பெனிச் சட்டப்படி 25 ரூபாய் கொடுத்தவன் இழக்கக்கூடியது அந்த 25 ரூபாய்தான். அதற்கு மேல் அவனை எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாது. ஆனால் சட்டம் கேட்காத ஒன்றைத் தொழில் கேட்கிறது. அதுதான் பொறுமை. தலைவரிடம் அது கடல்போல் இருந்தது. பங்குதாரரிடம் போதிய அளவு இல்லை. கம்பெனி கவிழ்ந்தது.

இக்கருத்து வெறும் ஊகமன்று என்பதற்குப் பிற்காலச் சரித்திரமே சாக்ஷி. 1919-ஆம் வருஷத்தில் பம்பாயில் நரோத்தம் மொரார்ஜியும் வால்சந்த் ஹீராசந்தும் சிந்தியாக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தனர். அவ்வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி அவர்களுடைய லாயல்டி என்னும் கப்பல் பம்பாயிலிருந்து இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. அந்நாளையே இன்று தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். அதே பிரிட்டிஷ் இந்தியாக் கம்பெனி அவர்களையும் எதிர்த்தது. அதே கட்டணப் போட்டி நடந்தது. 1923-ஆம் வருஷத்தில் தங்களுக்குப் பாதகமான உடன்படிக்கைக்குக் கூட அவர்கள் இணங்க நேர்ந்தது. இணங்கினர், ஆனால் கலையவில்லை. நஷ்டத்தைச் சுமந்து நின்றனர். தேசம் விடுதலை பெற்ற காலத்தில் அவர்கள் கப்பல்கள் கடலில் இருந்தன. தூத்துக்குடியில் விதைத்தது பம்பாயில் விளைந்தது என்று சொல்வது மிகையாகாது.

இனி, கம்பெனி போன பின் பிள்ளையவர்கள் என்ன செய்தார் என்பதே நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. 1912-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 24-ஆம் தேதி விடுதலையாகி வெளியே வந்தார். கப்பல் வந்த நாளில் திரண்ட ஜனத்திரள் அன்று அங்கே இல்லை. வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது, சொத்துக் கரைந்திருந்தது. சென்னையில் குடியேறி வறுமையோடு போராடினார். அந்நிலையிலும் சும்மா இருக்கவில்லை. தொழிலாளர் இயக்கத்தில் உழைத்தார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தபோது, கோவிற்பட்டியில் மறுபடியும் வக்கீலாக அமர்ந்தார். அந்நன்றியை மறவாமல் தம் மைந்தன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். அந்நிய ஆட்சியை எதிர்த்தவர் அந்நியர் ஒருவரின் நற்செயலைப் போற்றத் தயங்கவில்லை.

இலக்கியத் தொண்டும் நிற்கவில்லை. திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையையும், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையையும் அச்சிட முயன்றார். அறத்துப்பாலுக்குத் தாமே ஓர் உரை எழுதி 1935-ஆம் வருஷத்தில் வெளியிட்டார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியர் மனவலிமையைப் பற்றி எழுதிய சிறு நூல்களை, சிறைவாசத்திலேயே தொடங்கி, தமிழில் பெயர்த்தார். மனம் போல வாழ்வு, அகமே புறம் என்ற நூல்கள் அவ்வாறு வந்தவை. ஊக்கத்தைப் பற்றிய புத்தகங்கள் இக்காலத்தில் கடைதோறும் குவிந்து கிடக்கின்றன. சௌகரியமான நாற்காலியில் அமர்ந்து எழுதப்பட்டவை அவற்றுள் பல. செக்கிழுத்த கையால் எழுதப்பட்டது என்ற பெருமை பிள்ளையவர்களின் மொழிபெயர்ப்புக்கே உண்டு. 1936-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 18-ஆம் தேதி, அவர் கப்பல் விட்ட அதே தூத்துக்குடியில் காலமானார்.

விடாமுயற்சி என்றால் ஒரே காரியத்தைக் கட்டிக்கொண்டு அழுவதன்று என்பது இச்சரித்திரத்திலிருந்து தெளிவாகிறது. கப்பல் போயிற்று, கப்பலை ஓட்டிய உறுதி போகவில்லை. அது ஏட்டுக்கும், கோர்ட்டுக்கும், தொழிலாளர் சங்கத்துக்கும் மாறிற்று. தனி மனிதனுக்கு இது முதற்பாடம். இரண்டாவது பாடம் சமூகத்துக்கு உரியது. ஒருவர் மாத்திரம் விடாமுயற்சியுடையவராயிருந்தால் அவருக்குச் சிலை வைக்கலாம். பலரும் அவ்வாறிருந்தால் அவர் துவக்கிய தொழிலே நிலைத்திருக்கும். நாம் முதலாவதைச் செய்து, இரண்டாவதை மறந்துவிடும் வழக்கமுடையவர்களாயிருக்கிறோம்.

கல்வராயன் மலைவாசிகளின் நிலையைப் பாருங்கள். தேசம் 1947-ஆம் வருஷத்தில் விடுதலை பெற்றும், 29 வருஷங்கள் கழிந்து 1976-லேதான் அம்மலை ஜாகீர்தார்களிடமிருந்து சர்க்கார் வசமாயிற்று. அம்மக்கள் பயிரிடும் மரவள்ளிக்கும், திரட்டும் தேனுக்கும் கடுக்காய்க்கும் விலை சொல்பவர் பெரும்பாலும் வாங்குபவரே. தூத்துக்குடியில் கப்பற்கூலியைச் சொன்னவன் கப்பற்காரன். வெள்ளிமலையில் கிழங்கின் விலையைச் சொல்பவன் வியாபாரி. இரண்டும் ஒரே நோய். பலர் சேர்ந்து தம் சரக்கைத் தாமே விற்கும் ஏற்பாடுதான் மருந்து. அத்தகைய சங்கம் எதுவாயினும், முதல் இரண்டு மூன்று வருஷங்களில் வியாபாரி கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுத்து அங்கத்தினரை இழுக்கவே பார்ப்பான். அந்த ஒரு ரூபாய்தான் அன்று ஆங்கிலக் கம்பெனி இனாமாகக் கொடுத்த குடை. குடையைக் கண்டு நம்முடைய கப்பலை விட்டு இறங்குவோமாயின், மறுவருஷம் மழைக்கு அவன் குடை தரமாட்டான், கட்டணத்தைத்தான் உயர்த்துவான்.

கரும்பு ஆலைகளில் பங்கு வைத்திருக்கும் குடியானவர்களுக்கும், தறி நெய்யும் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும், புதிதாகத் தொழில் துவக்கும் வாலிபர்களுக்கும் நாம் சொல்லுவது இதுவே. ஆரம்ப விழாவுக்கு வாருங்கள். அதைவிட முக்கியமாக மூன்றாம் வருஷத்து மகாசபைக்கு வாருங்கள். கணக்கைக் கேளுங்கள், தவறு கண்டால் கண்டியுங்கள், ஆனால் நஷ்டக் கணக்கைக் கண்ட மாத்திரத்தில் பங்கை விற்றுக்கொண்டு ஓடாதீர்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பிள்ளையவர்களின் பெயரை 2011-ஆம் வருஷத்தில் சூட்டியாயிற்று. அவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அவருடைய பங்குதாரர்கள் காட்டத் தவறிய பொறுமையை நம்முடைய சிறு தொழில்களில் நாம் காட்டுவதே அம்மரியாதையாகும்.