பள்ளி விட்ட பின் அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் பெற்ற பட்டங்களை நம் பிள்ளைகள் வரிசையாகச் சொல்வார்கள். உயர்நிலைப் பள்ளியில் பயின்ற நாளில் அவர் மாலைப் பொழுதை எவ்வாறு கழித்தார் என்பதை அறிந்தவர் சிலரே. இவ்வெள்ளி விழா மலரில் அதனையே நாம் எடுத்துரைக்க விழைகிறோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மௌ நகரில் பிறந்த அண்ணல், சாத்தாராவில் பள்ளிக் கல்வி பயின்றார். வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற கோணிச் சாக்கே அங்கு அவருக்கு இருக்கை. பின்னர் குடும்பம் பம்பாய்ப் பரேலில் ஒற்றை அறையில் குடியேறியது. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அவர் கரும்பலகையை அணுகியபோது, அதன் பின்னே வைத்திருந்த உணவுப் பாத்திரங்களை மாணவர்கள் ஓடி அகற்றினர். சமஸ்கிருதம் பயில விரும்பியும் மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயின்றார். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்குத் தந்தை ராம்ஜி எழுப்பிவிட, பாடம் படித்தார்.

பள்ளி விட்டதும் அவர் நாடியது சர்னி ரோடு பூங்காவை. அங்கு அமர்ந்து பாடநூலுக்குப் புறம்பான நூல்களையும் ஆர்வமுடன் படித்தார். வில்சன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் அவ்விளைஞரைக் கண்டு பேசி, நூல்கள் தந்து வழிகாட்டினார். 1907இல் அண்ணல் மெட்ரிகுலேஷனில் பெற்றது 750க்கு 282 மதிப்பெண். அந்த எண்ணை மட்டும் பார்த்தவர் அவருடைய ஆற்றலை அறிந்திருக்க முடியாது. பூங்காவில் பழகிய கேளுஸ்கர் அறிந்திருந்தார். பாராட்டுக் கூட்டத்தில் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பரோடா மன்னரின் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கவும் துணை நின்றார். கொலம்பியா வரை சென்ற கல்விக்கும், 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவியதற்கும் அம்மாலை வாசிப்பு வித்திட்டது என்றால் மிகையன்று.

தாம் பெற்ற பேற்றை அண்ணல் பிறருக்கும் வழங்க முனைந்தார். 1924இல் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. உணவும் உறையுளும் தந்ததோடு நில்லாமல், மாணவர்கள் சரஸ்வதி விலாஸ் என்னும் மாத இதழ் நடத்த ஊக்கமளித்தது. பம்பாயில் இலவச வாசகசாலையும் ஹாக்கிக் கழகமும் அமைத்தது. இளைஞர்களைச் சூதும் குடியும் பற்றாதிருக்கவே ஹாக்கி மட்டையை அவர்கள் கையில் கொடுத்தது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பந்து எதற்கு, மேடை எதற்கு என்று கேட்கும் பெற்றோர் நம் பீர்க்கன்கரணையிலும் உண்டு. மதிப்பெண்ணை விட்டால் நம் பிள்ளைக்கு வேறு ஏணி ஏது என்னும் அவர்தம் அச்சத்தை நாம் இகழவில்லை. பாடத்தைக் கைவிடுமாறும் நாம் கூறவில்லை, அண்ணல் கைவிட்டாரில்லை. ஆயினும் மாலை ஐந்து மணிக்குப் பின் நம் பிள்ளைகளுக்காகத் திறந்திருப்பது வாசகசாலையா, விளையாட்டுத் திடலா, மதுக்கடையா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே. இளைஞர்களே, நாடகம், பேச்சு, ஓட்டம், கையெழுத்து இதழ் ஆகியவற்றில் ஒன்றையேனும் இன்றே பற்றிக்கொள்ளுங்கள். பெரியோர்களே, அதற்கோர் இடமும் விளக்கும் தாருங்கள்.