கூடைப்பந்தாட்டத்தை வகுத்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்

உலகில் வழங்கும் விளையாட்டுக்களிற் பெரும்பாலானவை எவரால், எக்காலத்துத் தோற்றுவிக்கப்பட்டன என்று துணிந்துரைத்தல் அரிது. கூடைப்பந்தாட்டமோ ஓர் ஆசிரியரால், இன்ன ஊரில், இன்ன நாளில் வகுக்கப்பட்டதெனத் தெளிவாகக் கூறத்தக்கது. அவ்வாசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவராவர். அவர்தம் வாழ்க்கையையும், அவர் வகுத்த ஆட்டத்தினின்றும் அமெரிக்கக் கல்லூரிகளின் பெரும்பந்தயங்கள் எழுந்த வகையையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

நெய்ஸ்மித் கனடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தில், ஆல்மான்ட் என்னும் ஊருக்கருகே 1861-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6-ஆம் நாள் ஸ்காட்லாந்து மரபினர் குடும்பத்திற் பிறந்தார். 1870-ஆம் ஆண்டில் தந்தையும் தாயும் டைபாய்டு சுரத்தால் அடுத்தடுத்து இறந்தனர். ஒன்பது வயதளவில் அநாதையான சிறுவன் மாமன் ஆதரவில் வளர்ந்தான். இடையே பள்ளியை விட்டு, காட்டில் மரம் வெட்டும் தொழிலிற் சில ஆண்டுகள் உழைத்தான். பின்னர்க் கல்வியின் அருமையை உணர்ந்து மீண்டும் பள்ளி புகுந்து, 1883-ஆம் ஆண்டு மான்ட்ரியல் நகரத்து மெக்கில் சர்வகலாசாலையைச் சேர்ந்தான்.

குருத்தொழிலே தம் வாழ்வென எண்ணிய நெய்ஸ்மித் இறையியற் கலாசாலையிற் பயின்று 1890-ஆம் ஆண்டு தேறினார். ஆயினும் அவர் பந்தாட்டத்தை விட்டாரில்லை. விளையாட்டு ஆன்மாவுக்குக் கேடு பயப்பதென்று அஞ்சிய தோழர் சிலர் அவர்பொருட்டுப் பிரார்த்தனையும் செய்தனர். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே, உடனாடிய ஒருவன் சினத்தால் தகாத சொல் கூறிவிட்டு, நெய்ஸ்மித் அருகிருப்பதைக் கண்டு நாணி மன்னிப்பு வேண்டினான். அவரோ அவனை ஒருபோதும் கடிந்தவரல்லர். பிரசங்க பீடத்தால் ஆகாத நன்மை சில ஆடுகளத்தில் ஆகக்கூடுமென்பது அன்று அவர் உள்ளத்திற் பதிந்தது. அதனால் அவ்வாண்டே அமெரிக்க ஐக்கிய நாட்டு ஸ்பிரிங்பீல்டு நகரத்திலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கலாசாலைக்குச் சென்றார்.

பனி மூடிய மாரிக்காலத்தில் வெளிக்கள ஆட்டங்கள் நின்றுவிடுதல் அந்நாட்டு இளைஞர்க்குப் பெருங்குறையாயிருந்தது. அக்குறையே புதிய ஆட்டங்களுக்கு வித்தாயிற்று. 1887-ஆம் ஆண்டு சிகாகோ நகரத்தில், கையுறை ஒன்றைப் பந்தாக உருட்டிக் கட்டித் துடைப்பக் கழியால் அடித்து வீட்டினுள் ஆடிய ஆட்டமே இன்று சாப்ட்பால் எனப்படுவது. ஸ்பிரிங்பீல்டிலும் 1891-ஆம் ஆண்டு மாரியில், தேகப்பயிற்சியில் மனஞ்செல்லாது முரண்டிய மாணாக்கர் பதினெண்மரை அடக்க வழி காணாது தவித்தனர். தலைவர் லூதர் கூலிக் என்பார் நெய்ஸ்மித்தை அழைத்து, இரண்டு வாரத்துள் புதியதோர் உள்ளரங்க ஆட்டம் வகுக்குமாறு பணித்தார்.

மோதலும் தள்ளலும் பந்தை ஏந்தி ஓடுவதால் விளைவன என நெய்ஸ்மித் ஆராய்ந்து கண்டார். ஆகவே பந்தோடு ஓடுதலை விலக்கினார். சிறுவயதில் ஆல்மான்டில், பாறைமேல் வைத்த கல்லை மற்றொரு கல்லால் எறிந்து வீழ்த்தி ஆடியது அவர் நினைவுக்கு வந்தது. அதில் வேகமாய் எறிவதினும் வளைவாக மெல்லென எறிவதே பயன் தரும். எனவே இலக்கை உயரத்தில் அமைத்தால் வலிமையினும் நிதானமே வெல்லுமெனத் துணிந்தார். பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாடத்து விளிம்பில் அறைந்து, பதின்மூன்று விதிகள் எழுதி, டிசம்பர் 21-ஆம் நாள் பக்கத்துக்கு ஒன்பதின்மராக ஆடச் செய்தார். அன்று விழுந்தது ஒரே ஒரு பந்துதான். ஆயினும் ஆட்டம் சில ஆண்டுகளுள் வாலிபர் சங்கங்களின் வாயிலாகத் தேசமெங்கும் பரவியது. அதே கலாசாலையிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920-ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்தவராவர்.

நெய்ஸ்மித் 1898-ஆம் ஆண்டு டென்வர் நகரத்தில் வைத்தியப் பட்டமும் பெற்று, கான்ஸஸ் சர்வகலாசாலைக்கு ஆசிரியராய்ச் சென்றார். அங்கே 1907 வரை அவர் நடத்திய குழு 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. அச்சர்வகலாசாலையின் பயிற்சியாளருள் தோல்வி மிகுந்த கணக்கை உடையவர் ஆட்டத்தை வகுத்த இவர் ஒருவரே. இஃது அவருக்கு வருத்தம் தரவில்லை. ஆட்டம் ஆடுவதற்கேயன்றிப் பயிற்சியாளர் புகழுக்கன்று என்பது அவர் கொள்கை. ஆட்டத்தால் அவர் செல்வம் சேர்க்கவுமில்லை. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் விழாவிற் கூடைப்பந்து முதன்முறை சேர்க்கப்பட்டபோது, அவரை ஆங்குச் செலுத்தப் பயிற்சியாளர் சங்கத்தார் பொருள் திரட்டவேண்டியதாயிற்று.

வெற்றியைப் பெரிதாக எண்ணாத இவ்வாசிரியரிடத்து இரு மாணாக்கர் தோன்றினர். ஒருவர் பாரஸ்ட் ஆலன். பயிற்சியாளர் சங்கத்தை 1927-ஆம் ஆண்டு நிறுவியவர் அவரே. அச்சங்கத்தாரின் முயற்சியால் 1939-ஆம் ஆண்டு எட்டுக் குழுக்களுடன் கல்லூரிகளின் தேசியப் பந்தயம் தொடங்கியது. முதற் பட்டத்தை ஆரெகன் சர்வகலாசாலை பெற்றது. அதற்கு முன்னரே, 1937-ஆம் ஆண்டு, சிறு கல்லூரிகளின் பொருட்டு எமில் லிஸ்டன் என்பவர் முயன்று கான்ஸஸ் நகரத்திற் பந்தயமொன்று தொடங்க, நெய்ஸ்மித்தும் துணைநின்றார்.

மற்றொரு மாணாக்கர் ஜான் மக்லெண்டன். அவர் கறுப்பினத்தவர். ஆதலின் 1930-களில் கான்ஸஸ் சர்வகலாசாலைக் குழுவில் அவருக்கு இடமில்லை. நெய்ஸ்மித் அவரைத் தம் மாணாக்கராக ஏற்று, ஆட்ட நுட்பங்களையெல்லாம் கற்பித்தார். 1936-ஆம் ஆண்டு மக்லெண்டன் பட்டம் பெற்றார். ஆசிரியரோ 1939-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள், தமது எழுபத்தெட்டாம் வயதில், லாரன்ஸ் நகரத்தில் உயிர்நீத்தார்.

அவர் துணைநின்ற சிறு கல்லூரிகளின் பந்தயத்திலும் கறுப்பினத்தாரை விலக்கும் விதி இருந்ததென்பதை வருத்தத்துடன் குறிக்கவேண்டும். அவ்விதி 1948-ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. அவ்வாண்டே இண்டியானா மாநிலக் கல்லூரியின் கிளாரன்ஸ் வாக்கர் அப்பந்தயத்தில் ஆடிய முதற் கறுப்பினத்தவரானார். பின்னர்க் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் கதவு திறந்தது. டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரக் கல்லூரியை நடத்திச் சென்ற மக்லெண்டன் 1957, 1958, 1959 ஆகிய மூவாண்டும் தொடர்ந்து அப்பட்டத்தை வென்றார். ஆடுகளத்தினின்றும் விலக்கப்பட்டவர், தம் ஆசிரியர் தொடங்க உதவிய பந்தயத்திலேயே முதன்மை எய்தினார். அதனைக் காண நெய்ஸ்மித் உயிரோடிருந்தாரில்லை.

ஆண்டுதோறும் பட்டம் பெறுவோர் பெயர்கள் பலகையில் எழுதப்படுகின்றன. நெய்ஸ்மித்தின் பெயர் அத்தகைய பலகை எதனிலும் இடம்பெறவில்லை. தோல்வி மிகுந்த கணக்கோடு சென்ற அவர், பிறர் விலக்கிய ஒருவனை அருகிருத்திக் கற்பித்ததன் பயனை இருபது ஆண்டுகட்குப் பின் உலகங் கண்டது. கல்லூரிக் குழுக்களில் ஆடும் நம் மாணாக்கரும், குழுவிற் சேராது கரையில் நின்று காணும் மாணாக்கரும் இவ்வரலாற்றைச் சிந்திப்பார்களாக. ஆட்டத்தின் எல்லைக்கோட்டை யார்பொருட்டு விரித்தோம் என்பதும் கணக்கிடத்தக்கதே என்று நாம் எண்ணுகின்றோம்.